நான் ஏற்றிய காற்றுப்பை

அன்பு மகள் திருகாணிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அங்கே சளி காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் ஒவ்வொரு நாளையும் முடிக்கிறேன். இந்தக் கடிதம் ஐந்து வாரத்துக்கு முன்பே உன் கையில் இருந்திருக்க வேண்டும். இந்தப் பருவத்தின் கடைசித் தேர்வு உனக்கு முடியட்டும் என்று அப்பா சொன்னார், நானும் அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் எனக்குப் பொய் சுலபமாக வந்துவிடுகிறது கண்ணு. நீ கூப்பிட்ட மூன்று தடவையும் அப்பா குளிக்கிறார் என்றுதான் சொன்னேன், மூன்றாவது தடவை நீ, "அம்மா, அவரு என்ன மீனா, எப்பப் பாத்தாலும் தண்ணியிலேயே இருக்காரு" என்று சிரித்தாய், நானும் கூடச் சிரித்தேன். அப்போது அவர் எனக்கு எதிரே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். பேனாவைப் பிடித்தால் பொய் அவ்வளவு சீக்கிரம் வராது, அதனால்தான் காகிதம்.

நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்துகொள். தூறல் மாமா இறந்துவிட்டார். நம் விமானத் திடலிலேயே, அவருடைய மஞ்சள் விமானத்தோடு, போன மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை. உனக்குத் திருகாணி என்று பெயர் வைத்த மனுஷன், உன் பத்தாவது வயதில் உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்து முதல்முதலாக மேலே கூட்டிக்கொண்டு போன மனுஷன், அவர் செத்ததை உனக்கு ஐந்து வாரம் சொல்லாமல் வைத்திருந்தேன், அதற்காக என்னைத் திட்டு, ஆனால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டு, ஏனென்றால் திட்ட வேண்டியது அதற்கு மட்டும் இல்லை.

திடலை மூடிவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும், எப்படி மூடினார்கள் என்பதை நான் சரியாகச் சொல்லவில்லை. ஒரு நாளில் மூடவில்லை, உடம்பு தேய்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. பருத்திக்கு மருந்து அடிக்க மில்காரர்கள் முள்ளுக்காட்டை வெட்டிப் போட்ட தொள்ளாயிரம் மீட்டர் மண் பாதை அது. நான் பதினெட்டு வயதில் கல்யாணமாகி ஓடுபாதையின் முனையில் இருக்கிற இந்த இரண்டு அறை வீட்டுக்கு வந்தபோது மருந்து விமானங்கள் மட்டுமே ஆறு இருந்தன, ஒன்று மேலே ஏறும்போதெல்லாம் அலமாரியில் தட்டுகள் கடகடவென்று ஆடும், குளிரில் பல் அடித்துக்கொள்கிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமை விமானம் ஓட்டப் பழகுகிறவர்கள் வருவார்கள், நடுவில் ஆஸ்பத்திரி விமானம் வரும். பெரிய வெள்ளம் வந்த வருஷம் உனக்கு ஏழு வயது, ஒன்பது நாள் இந்த ஒரு பாதையில்தான் மாவும் மருந்தும் வந்து இறங்கின, அப்பா பூட்ஸைக் கழற்றாமலே தூங்கினார், ஊரே அவரைக் கும்பிட்டது. அப்புறம் பெரிய சாலை வந்தது, ஆஸ்பத்திரி விமானம் நின்றது. பழகுகிறவர்களுக்கு வயதாகிவிட்டது. மருந்து அடிக்க இப்போது ஆளில்லாத குட்டிப் பூச்சி மாதிரி ஒன்று வந்துவிட்டது, வரப்பில் நின்று பொத்தானை அமுக்கினால் போதும். முதலில் பெட்ரோல் பம்ப்பைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், அப்புறம் ரேடியோவை, அப்புறம் பெயர்ப் பலகையை. கடைசியாக மேலிடத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது, இடத்தைக் கிடங்கு கட்டுகிற கம்பெனிக்குக் கொடுத்தாயிற்று, அப்பாவின் மேற்பார்வையாளர் வேலை இந்த மாதத்தோடு முடிகிறது, வீட்டைக் காலி செய்ய நான்கு மாதம் என்று. இருபத்தாறு வருஷ வேலைக்கு அரைப் பக்கம்.

மூடின திடலுக்கு இரண்டு முனையிலும் வெள்ளையில் பெரிய பெருக்கல் குறி போட வேண்டும் என்பது விமானம் பழுதுபார்க்கப் படிக்கிற உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேலே இருந்து பார்க்கிறவனுக்கு இது செத்த பாதை என்று தெரிய வேறு வழியில்லை. விமானிகள் வைத்திருக்கிற வரைபடத்தின் அடுத்த பதிப்பில்தான் நம் திடலை எடுப்பார்கள். அப்பா சுண்ணாம்பு கேட்டு இரண்டு தடவை கம்பெனி ஆளிடம் போனார். அந்த ஆள், "சுவரே வரப்போகுதுங்க, அப்புறம் எதுக்கு கோடு" என்றானாம். அப்பா திரும்பி வந்து வாசலில் செருப்பை உதறியபடி, "சுவர் வர்ற வரைக்கும் வானம் காத்துக்கிட்டு இருக்குமா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வேலை போன பிறகு அப்பா எப்படி இருந்தார் என்பதையும் மறைத்தேன். காலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார். பூட்ஸ் போட்டு, நாடாவை இழுத்துக் கட்டி, கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். நன்றாக விடிந்ததும் குனிந்து நாடாவை அவிழ்ப்பார். அவ்வளவுதான் அன்றைய வேலை. தட்டில் வைத்ததில் பாதி அப்படியே இருக்கும். நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும், மாத்திரை டப்பாவைக்கூட என் புடவைகளுக்கு நடுவில் ஒளித்து வைத்தேன். அந்தச் சமயத்தில்தான் நீ அனுப்பிய ஆரஞ்சுத் துணி வந்து சேர்ந்தது, திடல் மூடி மூன்றாம் நாள். "அப்பாவுக்கு, வெயிலுக்கு வெளுக்காது" என்று எழுதியிருந்தாய். அதை மடித்துப் பெட்டியில் வைக்க மனசு வரவில்லை. காற்றின் திசை காட்டக் கம்பத்தில் ஏறுகிற காற்றுப்பை, இருபத்தொரு வருஷத்தில் பதினொன்று தைத்திருக்கிறேன், பன்னிரண்டாவதையும் தைத்தேன், வாய் வளையத்துக்கு இரட்டைத் தையல் போட்டு. நீ சின்னவளாக இருந்தபோது அதைக் கம்பத்தின் சட்டைக்கை என்பாய், தூறல் மாமா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ராட்சசனுக்குச் சட்டை தைக்கிற தங்கச்சி, இன்னொரு கை எப்ப?" என்பார், ஞாபகம் இருக்கிறதா.

ஒரு மத்தியானம் அப்பா தூங்கும்போது அதைக் கொண்டுபோய்க் கம்பத்தில் ஏற்றினேன். எழுந்து வந்து பார்த்தால் முகம் கொஞ்சம் மலருமே என்ற ஒரே ஆசை. அப்போதுதான் உனக்கு அந்தப் படத்தை அனுப்பினேன், கீழே "அப்பா ஏற்றியது" என்று எழுதினேன். அது முதல் பொய். அப்பா எழுந்து வந்தார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகு நேரம் மேலே பார்த்தார். "தையல் நல்லா வந்திருக்கு" என்றார். அப்புறம் பாதையைப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. "நடக்காம ஏத்திட்டியே" என்றார். திட்டவில்லை, அப்படி மெதுவாக அவர் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. நம் திடலின் வழக்கம் உனக்குத் தெரியும், வேறு எந்தத் திடலில் உண்டோ இல்லையோ இங்கே உண்டு. ஓடுபாதையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஆள் நடந்து, கல், எலி வளை, மாடு எல்லாம் பார்த்த பிறகுதான் பை ஏறும். ஏற்றியவர் அதை இறக்கும்வரை திடலை விட்டு நகரக்கூடாது. பை காற்றுக்கு மட்டும் இல்லை, கீழே ஒருத்தன் நடந்து பார்த்திருக்கிறான், இப்போதும் நிற்கிறான் என்பதற்கு. தூறல் மாமா சொல்வாரே, "உங்கப்பன் நடந்தா போதும் திருகாணி, நான் கண்ண மூடிக்கிட்டு எறங்குவேன்" என்று, அதற்கு அப்பா, "அண்ணே, கண்ணத் தொறந்துகிட்டே எறங்குங்க, எனக்குப் பொண்ணு இருக்கு" என்பார்.

அன்றைக்கு அப்பா உள்ளே போய்ப் பூட்ஸ் கட்டினார், தொள்ளாயிரம் மீட்டரும் நடந்தார், இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வந்து பையை இறக்கி மடித்து வைத்துவிட்டு, சாப்பாட்டை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாளிலிருந்து தினமும் அப்படித்தான். காலையில் நடப்பார், ஏற்றுவார், திடலிலேயே இருப்பார், சாயங்காலம் இறக்குவார். விமானம் எதுவும் வரப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். கம்பெனிக்காரர்களும் கண்டுகொள்ளவில்லை. பதினோரு நாள் என் புருஷன் எனக்குத் திரும்பக் கிடைத்தார். அந்தச் சந்தோஷத்தை எவ்வளவு விலைக்கு வாங்கினேன் என்று அப்போது தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் அந்தச் செவ்வாய்க்கிழமை. அப்பாவுக்கு வலது கண் மங்கலாக இருக்கிறது என்று நான்தான் நச்சரித்து டவுனில் கண் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தேன். முதல் பஸ் ஐந்தே முக்கால். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "இன்னைக்கு நடக்கல, பை ஏற வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் போனார். நான் கதவைப் பூட்டிக்கொண்டு திரும்பினேன், கம்பம் மொட்டையாக நின்றது. டாக்டரிடம் போகிற நாளில் அது அப்படி நிற்பது எனக்கு அபசகுனமாகப் பட்டது. காலேஜ் படித்தவள் நான், உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே பட்டம் வாங்கியவள், எனக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்ததோ. சாயங்காலம் அவர் கண்ணில் மருந்தோடு திரும்பி வரும்போது அது பறந்துகொண்டிருந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். மடித்து வைத்திருந்ததை எடுத்து, கொக்கியில் மாட்டி, கயிற்றை இழுத்து, முடிச்சுப் போட்டு, பஸ்ஸுக்கு ஓடினேன். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. அவரிடம் சொல்லவில்லை.

நாங்கள் போய் ஒரு மணி நேரத்தில் கம்பெனியின் மண் வெட்டுகிற இயந்திரம் வந்திருக்கிறது. மறுநாள்தான் வருவதாக இருந்தது. பாதையின் குறுக்கே, சரியாக நடுவில், சாக்கடைக்கு இடுப்பளவு பள்ளம் வெட்டிவிட்டு மண்ணை இரண்டு பக்கமும் பரப்பிவிட்டு, சாப்பிடப் போய்விட்டார்கள். தூறல் மாமா அன்றைக்குத்தான் மஞ்சள் விமானத்தை விற்றுவிட்டு வருவதற்காக எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார், கடைசி ஓட்டம். நம் பக்கத்தில் வரும்போது விமானத்தின் இயந்திரம் இருமியிருக்கிறது. மூடிவிட்டதாக அவர் காதிலும் விழுந்துதான் இருக்கும், ஆனால் வெள்ளைக் குறி இல்லை, பையோ புத்தம் புது ஆரஞ்சில் காற்றை நிறைத்துக்கொண்டு நின்றது. அழகாகத்தான் இறங்கினாராம், தூரத்திலிருந்து பார்த்த பால்காரர் சொன்னார், பூப்போல இறங்கி நேராகப் பள்ளத்துக்குப் போனார் என்று. பால்காரர்தான் முதலில் ஓடியிருக்கிறார். மாமாவுக்கு நினைவு இருந்திருக்கிறது. "பை ஏறியிருந்துச்சே, அவன் நடந்திருப்பானே" என்று இரண்டு தடவை சொன்னாராம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார். பால்காரர் பாவம், இதைக் கண்ணீரோடு எல்லோரிடமும் சொன்னார், அப்பாவிடமும் சொன்னார்.

சாயங்கால பஸ்ஸிலிருந்து இறங்கியபோது கூட்டம் தெரிந்தது, அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை எடுக்கக் கூடாது என்று மாமாவை அங்கேயே கிடத்தியிருந்தார்கள். கண்ணுக்கு மருந்து விட்டதால் அப்பாவுக்கு எல்லாம் மங்கலாகத்தான் இருந்தது, ஆனாலும் முதலில் பார்த்தது கம்பத்தைத்தான். பிறகு என்னைப் பார்த்தார். ஏன் ஏற்றினாய் என்று இன்றுவரை கேட்கவில்லை. நேராகப் போய்ப் பையை இறக்கி, மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல மனிதர்தான், சின்ன வயது, கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டே கேட்டார், "வேல போன ஆளு எதுக்குங்க ஏத்துனீங்க?" என்று. அப்பா, "பழக்கம். கை சும்மா இருக்கல. கெளம்பறதுக்கு முன்னாடி நான்தான் ஏத்தினேன்" என்றார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அதிகாரி எழுதினார், அப்பா கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும், "என்னங்க இது" என்று ஆரம்பித்தேன், அவர், "நீ வாயத் தொறக்காத. புள்ளைக்கு அம்மா வேணும்" என்றார். அப்பா வேண்டாமா என்று கேட்டேன்.  குறி போடாத கம்பெனியோ, தங்களுக்குத் தெரியாமல் அப்பா பை ஏற்றியதால்தான் எல்லாம் என்கிறது. வழக்கு வந்தால் மூன்று வருஷம் வரை ஜெயில் கிடைக்கலாம் என்று வக்கீல் சொல்கிறார்.

அதைக்கூட எப்படியோ விழுங்கிக்கொண்டு இருந்திருப்பேனோ என்னவோ, போன வாரம் மாமாவின் அக்கா வந்தார்கள். சாமான்களை வாங்கிக்கொள்ள வந்தவர்கள் அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "தெரியாத எடத்துல விழாம நீங்க இருக்கற எடத்துலயே விழுந்தானே தம்பி, எனக்கு அதுவே போதும்" என்றார்கள். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். நான் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போய்ச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா மன்னித்தது தப்பான ஆளை என்று எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

இன்று வியாழக்கிழமை, பதினோரு மணிக்கு இரண்டாவது விசாரணை. காலையில் அப்பா வழக்கம்போல பூட்ஸோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதைக் கழற்றிக் கொடுங்கள் என்றேன். ஏன் என்று கேட்காமல் கொடுத்தார். எனக்கு இரண்டு அளவு பெரிது, நாடாவை எப்படியோ சுற்றிக் கட்டிக்கொண்டு போனேன். இருபத்தொரு வருஷம் அந்தப் பாதையின் முனையில் குடியிருந்திருக்கிறேன், ஒரு தடவைகூட முழுவதும் நடந்ததில்லை. தொள்ளாயிரம் மீட்டர் நினைத்ததைவிட நீளம் கண்ணு. இடது ஓரத்தில் நான்கு எலி வளை, ஒரு உடைந்த செங்கல், முளைக்குச்சி ஒன்று. நடுவில் அந்தப் பள்ளம், இப்போது பாதி சிமெண்ட் போட்டுவிட்டார்கள், மஞ்சள் பெயிண்ட் ஒரு கீறல்கூட இல்லை. இயந்திரம் ஓட்டுகிறவர், "என்னம்மா தேடுறீங்க, ஏதாவது தொலைஞ்சிருச்சா?" என்று கேட்டார். நடந்து பார்க்கிறேன் என்றேன். பலகை மேல் ஏறிப் பள்ளத்தைத் தாண்டி மறு முனை வரை போய்த் திரும்பி வந்தேன். மறு முனையில் சுவர் இடுப்பு உயரம் வந்துவிட்டது. அடுத்த மாதம் இங்கே ஒரு திடல் இருந்தது என்று சொன்னால் சிரிப்பார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன், ஏற்றியது நான், இன்றைக்கு அதைச் சொல்லப் போகிறேன், நீங்கள் தடுத்தால் உங்கள் முன்னாலேயே சொல்வேன் என்று. அவர் என் காலைப் பார்த்தார். அப்புறம் நாற்காலியிலிருந்து இறங்கி, முட்டி போட்டு, நான் தப்பாகக் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்து, மறுபடி சரியாகக் கட்டிவிட்டார். "ஒம்பது மணி பஸ்ஸுல போவோம், அதுக்குள்ள புள்ளைக்கு எழுதிடு" என்றார். இருவரும் சேர்ந்துதான் போகிறோம், இதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. துணி அனுப்பியது உன் தப்பில்லை, ஒரு நிமிஷம்கூட அப்படி நினைக்காதே, நினைத்தாய் என்று தெரிந்தால் அங்கேயே வந்து அடிப்பேன். யாராவது அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டால் கீழே எழுதியிருப்பது அம்மாவின் பொய் என்று சொல், அழித்துவிடாதே. எனக்கு என்ன ஆகும் என்று தெரியாது, என்ன ஆனாலும் படிப்பை விட்டுவிட்டு ஓடி வராதே. அப்பா சமைத்துக்கொள்வார், உப்பு மட்டும் அதிகம் போடுவார், போனில் ஞாபகப்படுத்து. அவர் கண்ணுக்கு மருந்து காலையில் ஒரு சொட்டு, சாயங்காலம் ஒரு சொட்டு. மாமாவின் அக்காவுக்கு நீயும் இரண்டு வரி எழுது, உண்மையை நான் நேரில் போய்ச் சொன்ன பிறகு.

நீ எங்கே வேலை செய்தாலும் உன் கை பட்ட இயந்திரம் பத்திரமாகப் போய்ப் பத்திரமாக வந்து சேரட்டும். குளிரில் காதை மூடிக்கொள். உனக்கு அவசரமாக இருக்கும், பஸ் போய்விடும், கூட வேலை செய்கிறவர்கள் "போடு போடு, பாத்தாச்சு" என்பார்கள். நீ உன் கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடாதே.

இதை நடந்து பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

உன் அம்மா